வெரசாக ஒரு பதில்

அத்தியாயம் 6

ஒச்சப்பனின் ஜீப்புக்குப் புது இன்ஜின் வந்த நாளிலிருந்து ஒச்சப்பனுக்குப் பழைய தலைக்கனம் திரும்பியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் அந்த வண்டி மலை ஏற்றத்தைப் பார்த்தாலே இருமும், மூச்சிரைக்கும், நடுரோட்டில் உட்கார்ந்து யோசிக்கும். சவாரிக்கு வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டு, தள்ளிய கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள்.

“சத்தத்தைக் கேட்டீகளாக்கா? பூனைக்குட்டி பால் குடிக்கிற மாதிரி இல்ல?”

“கேட்டேன். கைமாத்து வாங்கிப் போட்ட இன்ஜின். பூனைக்கு அது இன்னும் தெரியல போல” என்றாள் பொன்னுமணி, ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டே.

பொன்னுமணி பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளையும் பொய்ச் சாவுகளையும் கண்டுபிடித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, போடியில் ஒரு சாக்குக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் போட்டிருந்தாள். அதில் டிரைவர், பியூன், உதவியாளர் எல்லாமே ஒச்சப்பன்தான். யாராவது என்ன சோலி என்று கேட்டால், “துப்பு அக்காவுக்கு, கெட்டது எனக்கு” என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பான். பெரும்பாலும் அவன் மட்டும்தான் சிரிப்பான்.

இன்றைக்கு வந்திருந்த வழக்கில் அவனுக்குக் கொஞ்சம் சொந்தப் பொறுப்பு இருந்தது. ஏனென்றால் வழக்குக்காரி சூர்யகலா, அவன் தெருக்காரி.

சூர்யகலாவின் வீட்டு முன்னறையில் நுழைந்ததுமே ஏலக்காய் வாசம் மூக்கைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஒரு பக்கம் சல்லடை, ஒரு பக்கம் தராசு, சுவரோரம் கட்டி வைத்த பார்சல்கள். ஆறு மாதமாக அவள் ‘மலைக்காய்’ என்று ஒரு வெப்சைட் நடத்துகிறாள். குரங்கணிச் சரிவில் சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஐந்து குடும்பங்களிடம் காய் வாங்கி, சலித்து, பொட்டலம் போட்டு, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புவாள். ஜனங்கள் போனில் பணம் கட்டுவார்கள். அந்தப் பணம் ஒரு பேமென்ட் கேட்வே கம்பெனி வழியாக அவள் கணக்குக்கு வரும்.

வர வேண்டும். ஏழு வாரமாக வரவில்லை.

“சாயங்காலம் அஞ்சு வீட்டுக்காரங்களும் இறங்கி வர்றாகக்கா” என்றாள் சூர்யகலா. கையில் இருந்த காயை உதிர்த்து உதிர்த்துத் தோலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். “வாய்வார்த்தையை நம்பிக் காய் குடுத்த சனம். இன்னைக்கும் இல்லைன்னு சொன்னா இனிமே ஒருத்தரும் தரமாட்டாக. அப்புறம் வெப்சைட்டுல என் மூஞ்சியத்தான் போட்டு விக்கணும்.”

“அதுக்குத் தள்ளுபடி நிறையக் குடுக்க வேண்டியிருக்கும் ஆத்தா” என்றான் ஒச்சப்பன்.

சூர்யகலா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவனுடைய தொழிலில் அவனுக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

“எந்தக் கம்பெனி?” என்று கேட்டாள் பொன்னுமணி.

“சுலபம் பே.”

“கேள்விப்பட்டதே இல்லையே. யாரு சொல்லி இதை எடுத்த?”

“யாரும் சொல்லலக்கா. மூணு கம்பெனியைப் பார்த்தோம். வெப்சைட்டு செஞ்சு குடுத்த பால்ராஜ் தம்பி மூணு நம்பரும் குடுத்துச்சு. இந்தச் சுலபம் பே சின்னக் கம்பெனி, வேணாம்க்கா, கமிஷன் கூட ஆனாலும் பெரிய கம்பெனியாப் பாருங்கன்னுதான் அது சொல்லுச்சு. நான்தான் கேக்கல.”

“பால்ராஜ் என் மாப்ளேக்கா” என்று இடையில் புகுந்தான் ஒச்சப்பன். “ஒண்ணாங் கிளாசுல இருந்து ஒரே பெஞ்சு. நான்தான் இவுகளுக்குக் காட்டி விட்டேன். தங்கமான பய.”

“உன்னையும் நீ தங்கம்னுதான் சொல்லுவ” என்ற பொன்னுமணி, சூர்யகலா பக்கம் திரும்பினாள். “அவன் வேணாம்னு சொல்லியும் ஏன் எடுத்த?”

“மூணு பேருக்கும் மெசேஜ் போட்டேன். ஞாயித்துக்கிழமை. ரெண்டு கம்பெனி இங்கிலீசுல என்னத்தையோ அனுப்பிட்டுப் படுத்துக்கிருச்சு. சுலபம் பேயில இருந்து ஒரே நிமிசத்துல தமிழ்ல பதில் வந்துச்சு. வணக்கம் மேடம், நான் ஆபீசர் அருண்னு. நாம யாவாரம் பண்றது ஆளைப் பார்த்துத்தானக்கா? கம்பெனியையா பார்க்கோம்?” மடியில் விழுந்த தோலைத் தட்டிவிட்டாள். “இன்னைக்கு வரைக்கும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்வாரு. பாவம், அந்த மனுசனையும் கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு நினைக்கேன்.”

“எல்லாரையும் கேட்டு வச்சுத்தான் கேட்வே வச்சிருக்கீக” என்றான் ஒச்சப்பன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“ஆரம்பத்துல பணம் வந்துச்சா?”

“நல்லா வந்துச்சேக்கா. மூணு வாரம் அவகாசம்னு சொன்னாரு, மூணாம் வாரம் டாண்ணு வந்துச்சு. நாலஞ்சு தடவை. அப்புறந்தான் நின்னு போச்சு.”

பொன்னுமணியின் புருவம் மெல்ல மேலே போனது. அது மேலே போனால் யாருக்கோ கீழே இறங்கப்போகிறது என்று ஒச்சப்பனுக்குத் தெரியும்.

“மூணு வாரமா? அது உனக்கு விசித்திரமாப் படல?”

“இதுல என்ன விசித்திரம்? ஏலத்துல காய் போட்டா வாரக்கணக்காத்தான பணம் வரும்? எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான.”

“மதுரையில என் தங்கச்சி சேலை விக்கிறா, இதே மாதிரி வெப்சைட்டுல. இன்னைக்கு வித்தா ரெண்டு மூணு நாள்ல பேங்க்ல பணம். நாலாம் நாள் வரலைன்னா அவ கம்பெனிக்காரனைத் தூங்க விடமாட்டா.” பொன்னுமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மூணு வாரம்னு மதுரையில சொல்லியிருந்தா விளக்குமாத்தால அடிப்பாக. திருப்பூர்ல சொல்லியிருந்தா போலீசுக்குப் போவாக. இந்த உலகத்துல மூணு வாரம்னு சொன்னதும் சரின்னு தலையாட்டுறது ஏலக்காய்க்காரி ஒருத்திதான். ஆபீசர் அருணுக்கு அது தெரிஞ்சிருக்கு. ஒச்சு, அந்த மெசேஜையெல்லாம் வாசி.”

ஒச்சப்பன் சூர்யகலாவின் போனை வாங்கி, ரேடியோ செய்தி வாசிப்பவன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

“‘வணக்கம் மேடம். தாங்கள் கவலை கொள்ள வேண்டாம்.’ அடேங்கப்பா, தாங்கள்! எங்க வீட்டுல என்னை யாரும் நீங்கன்னுகூடச் சொன்னதில்ல. ‘வங்கி சர்வர் கோளாறு காரணமாகத் தாமதம். தங்கள் தொகை அவகாசம் முடிந்ததும் வெர...’”

நின்றுவிட்டான்.

“என்ன?”

“எழுத்துப் பிழைக்கா” என்று சொல்லிவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். “‘வெரசாக வரவு வைக்கப்படும்.’”

“வெரசாக!” பொன்னுமணி அந்தச் சொல்லை வாயில் போட்டுக் கல்கண்டு மாதிரி உருட்டினாள். “தாங்கள், தங்கள், வங்கின்னு வேட்டி சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம போட்டுட்டு வந்தவன், செருப்பை மட்டும் மாத்த மறந்துட்டான். பெங்களூர் ஆபீசர் வெரசான்னு சொல்லமாட்டான், ஒச்சு. விரைவாகம்பான்.”

ஒச்சப்பன் போனைக் கொடுத்துவிட்டுச் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அது பத்தாது. ஆபீசருக்குச் சொந்த ஊரு நம்ம பக்கமா இருக்கலாம்” என்ற பொன்னுமணி, சூர்யகலாவின் பெயரில் தானே ஒரு மெசேஜ் அடித்தாள். அடித்ததைச் சத்தமாகவும் வாசித்தாள். “‘சார், காய் எடுக்கக் குரங்கணிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வழியில் டவர் போய்விடும். அதற்குள் பதில் போடுங்கள். பணம் வருமா வராதா?’”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் டிங் என்றது.

‘பதற்றம் வேண்டாம் மேடம். முந்தல் செக்போஸ்ட் தாண்டும் வரை டவர் இருக்கும். அதற்குள் மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.’

பொன்னுமணி போனைத் திருப்பி இரண்டு பேருக்கும் காட்டினாள்.

“பெங்களூர்ல ஏசி ரூம்புல உக்காந்திருக்கிற ஆபீசருக்கு” என்றாள் பொன்னுமணி மெதுவாக, “முந்தலோட டவர் கட்டாகும்னு தெரியுது. எனக்கே போன மாசந்தான் தெரியும்.”

சூர்யகலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அப்ப அந்த அருண் சாரு...”

“அருணும் இல்ல, சாரும் இல்ல. நீ அவுகளைச் சாயங்காலம் வரச் சொல்லு, தட்டிக் கழிக்காத. நாங்க வர்றோம்.” வாசலுக்கு வந்தவள் ஜீப்பில் ஏறினாள். “வண்டியை எடு, ஒச்சு.”

“எங்கக்கா?”

“நீ எங்க போகணும்னு நினைக்கியோ, அங்க.”

ஜீப் முந்தலைத் தாண்டியது. செக்போஸ்ட்டுக்கு அப்புறம் குரங்கணி ரோடு பிரிந்து காட்டுக்குள் ஏறுகிறது. இரண்டு பேர் போனிலும் டவர் செத்தது. மேலே மேகம் இறங்கி, சரிவுகளில் பாதியை அழித்துவிட்டிருந்தது. புது இன்ஜின் முனகாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை.

“எப்பத் தெரிஞ்சது உனக்கு?” என்று கேட்டாள் பொன்னுமணி.

“எதுக்கா?”

“நடிக்காத. உனக்கு அது வராது. நீ வெரசாங்கிற எடத்துல நின்ன. அதுக்கப்புறம் முந்தல் வர்ற வரைக்கும் ஒரு ஜோக்கு அடிக்கல. வழியில ஒரு எருமை ரோட்டை மறிச்சுச்சு, அதைக்கூட ஒண்ணும் சொல்லல. ஒச்சப்பன் எருமையைச் சும்மா விட்டா, வீட்டுல எழவு விழுந்திருக்கணும். இல்லைன்னா ஆளைத் தெரிஞ்சிருக்கணும்.”

ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவு.

“அஞ்சாங் கிளாசுல ஒரு கட்டுரைக்கா” என்றான் ஒச்சப்பன். குரல் இன்ஜினை விடச் சின்னதாக இருந்தது. “ரயில் பயணம். ‘ரயில் வெரசாகச் சென்றது’ன்னு எழுதியிருந்தான் பால்ராஜ். வாத்தியாரு அவனைப் பெஞ்சு மேல ஏத்தி, கிளாசே சிரிக்கச் சிரிக்க வாசிக்கச் சொன்னாரு. அன்னைல இருந்து வேணும்னே எல்லாத்துலயும் அப்படித்தான் எழுதுவான். என் கல்யாணப் பத்திரிகையிலகூட. ‘உற்றார் உறவினர் வெரசாக வருகை தந்து’. அடிச்சு முடிச்ச பின்னாடிதான் பார்த்தோம்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“உலகத்துல வேற எவனாவது அப்படி எழுதுவான்னு முந்தல் வரைக்கும் வேண்டிக்கிட்டே வந்தேன்க்கா.”

குரங்கணிக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டை ஒட்டிய சரிவில் பால்ராஜ் குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டம். காலையில் முந்தலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை, மத்தியானம் தோட்டம் என்பது அவனுடைய நடைமுறை. தோட்டம் என்று சொல்வதற்கு அங்கே மரங்கள்தான் மிச்சம் இருந்தன. போன கோடையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்த ஏலச்செடிகள், தூர் தூராகப் பழுத்து, சாய்ந்து, மழை வந்த பிறகும் எழுந்திருக்காமல் கிடந்தன.

பால்ராஜ் கையில் அரிவாளோடு காய்ந்த தட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா மாப்ளே! வண்டிச் சத்தத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். என்னமா இழுக்குது பார்த்தியா?”

ஒச்சப்பன் இறங்கினான். கிட்டே போனான். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தான். எல்லாம் போய், ஒன்றுதான் வந்தது.

“வணக்கம், ஆபீசர் சார்.”

பால்ராஜின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே காய்ந்தது. அரிவாளைக் கீழே வைத்தான். பொன்னுமணியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். ஓடுவதற்கு அங்கே இடம் நிறைய இருந்தது. ஆனால் அவன் ஒரு தூரின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“சுலபம் பேன்னு ஒரு கம்பெனியே கிடையாது, இல்ல?” என்றாள் பொன்னுமணி.

“பேரு மட்டுந்தான் என்னது. பின்னாடி நிசமான கேட்வே ஒண்ணு, என் பேர்ல இருக்கு. ரெண்டு நாள்ல என் கணக்குக்கு வந்துரும்.”

“அவளை வேணாம்னு தடுத்தியே, அது?”

“நான் வேணாம்னு சொன்னாத்தான் என் மேல சந்தேகம் வராது. அவுகளா எடுத்த மாதிரியும் இருக்கும்.” தலையைத் தூக்காமலே பேசினான். “திருடணும்னு செய்யலக்கா. மூணு வாரம் கையில வச்சுச் சுத்திட்டுக் குடுத்துருவோம்னுதான். காய் யாவாரிக செய்யறதுதான? வாங்கின காய்க்குப் பின்னாடி பணம் தர்றாக. யாரு அவுகளைத் திருடன்னு சொல்றா? நாலஞ்சு தடவை ஒழுங்காத்தான குடுத்தேன். அப்புறம் செடி காஞ்சுருச்சு. குத்தகைக்கு விட்டவன் கழுத்தைப் பிடிச்சான். அதுல போனது போச்சு.”

“ஏன்டா?” என்றான் ஒச்சப்பன். “என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“உன்கிட்ட என்ன மாப்ளே இருக்கு?”

அது உண்மை. அதனால்தான் அதிகம் வலித்தது. ஒச்சப்பன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

“என் பேரைச் சொல்லித்தான்டா அவுக உன்னை வீட்டுக்குள்ள விட்டாக! நான் காட்டின ஆளுன்னு! தினம் உனக்குச் சாரு சாருன்னு மெசேஜ் போட்டிருக்காக. நீ அதுக்கு உக்காந்து தாங்கள் தங்கள்னு... அவுக பணம் எங்கடா? முச்சூடும் குத்தகைக்கா போச்சு?”

“முச்சூடும் இல்ல.”

“மிச்சம்?”

பால்ராஜின் கண் ஒச்சப்பனின் தோளைத் தாண்டி, ரோட்டில் நின்ற ஜீப்புக்குப் போயிற்று.

ஒச்சப்பனுக்கு ஒரு கணம் புரியவில்லை. அல்லது, முந்தலிலிருந்து மனசுக்குள் போடாமலே தள்ளி வைத்திருந்த கூட்டல் ஒன்று இப்போது தானாகவே போட்டுக்கொண்டது. சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

“நீ குடுத்த கைமாத்து...” என்றான்.

“உன் வண்டி நின்னு போச்சுன்னு வந்து அழுத மாப்ளே. வீட்டுல அடுப்பு எரியலன்ன. அந்த வாரந்தான் அவுகளுக்கு நிறைய ஆர்டர் வந்திருந்துச்சு.” பால்ராஜ் மறுபடி தூரின் மேல் உட்கார்ந்தான். “நீ கேட்டு நான் எப்படி இல்லைன்னு சொல்றது?”

பொன்னுமணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினைந்து வருடம் பொய்ச் சாவுகளைப் பார்த்தவளுக்கு, இதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

“ஏறு” என்றாள் கடைசியில் பால்ராஜிடம். “முதல்ல சூர்யகலா வீடு. அவ என்ன சொல்றாளோ அதைப் பொறுத்து, அப்புறம் ஸ்டேஷன்.”

இறக்கத்தில் ஒச்சப்பன் இன்ஜினை அணைத்துவிட்டான். வண்டி தானாக உருண்டு இறங்கியது. காட்டுக்குள் டயர் சத்தமும் பூச்சிகளின் சத்தமும் மட்டும்.

ஒரு வளைவில் பொன்னுமணி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஏன்டா அணைச்ச? பிரேக்கு பிடிக்குமா?”

“பிடிக்கும்க்கா. பிரேக்கு பழசு” என்றான் ஒச்சப்பன். “என் காசு.”

பின்சீட்டில் பால்ராஜ் குழந்தை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முந்தல் செக்போஸ்ட் வந்தது. டவரும் வந்தது. பால்ராஜின் சட்டைப் பைக்குள் போன் டிங் என்றது. மறுபடி டிங். மறுபடி. மேலே இருந்த நேரமெல்லாம் சேர்ந்து நின்ற மெசேஜ்கள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே விழுந்தன. இன்ஜின் ஓடியிருந்தால் கேட்டிருக்காது. அணைத்த வண்டியில் ஒவ்வொன்றும் கேட்டது.

பொன்னுமணி கையை நீட்டினாள். பால்ராஜ் போனைக் கொடுத்தான். அவள் வாசித்தாள், தனக்காக மட்டும் வாசிப்பதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

“‘சார், இங்க ஒரு அக்கா வந்தாங்க. அருண்னு யாருமே இல்லைன்னு சொல்றாங்க.’”

“‘சார், நான் நம்பல. நீங்க இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை போடுங்க.’”

“‘சார், உங்களை நம்பித்தான் அவங்களை வரச் சொல்லிட்டேன். வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க.’”

வண்டி வேகம் குறைந்து, குறைந்து, செக்போஸ்ட்டுக்கு அப்பால் சமதளத்தில் தானாக நின்றது. போடி இன்னும் தூரம். இனி உருளாது.

பொன்னுமணி போனைப் பால்ராஜிடம் திருப்பிக் கொடுத்தாள். “பதில் போடு.”

“என்னன்னு போட?”

“உனக்குத் தெரியாததா? வெரசா போடு.”

பால்ராஜ் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடித்தான். கண்ணாடியில் ஒச்சப்பன் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை தாங்கள் இல்லை, தங்கள் இல்லை. ‘அக்கா, நான் பால்ராஜ். வர்றேன்.’

“அக்கா” என்றான் ஒச்சப்பன் முன்னால் பார்த்தபடி. “போன வாரம் வண்டியை விலைக்குக் கேட்டான்ல ஒருத்தன், போடிமெட்டு சவாரி ஓட்டுறவன்? அவன் வீடு எங்க தெருவுக்கு முந்தின தெருதான். போற வழியில அவனையும் ஏத்திக்கிருவோமா? சாவியைச் சூர்யகலா கையில குடுத்து அவனுக்கு வித்தா, அந்தச் சனத்துக்கு ஏதாச்சும் காட்டலாம்ல?”

“வண்டி இல்லாம நீ என்ன செய்வ?”

“துப்பு உங்களுக்கு இருக்குக்கா. எனக்கு எப்பவும் கெட்டதுதான” என்று சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

சாவியின் மேல் கையை வைத்தான். ஒரே ஒரு தடவையாவது இது மக்கர் பண்ணட்டும், இருமட்டும், நடுரோட்டில் உட்காரட்டும் என்று இருந்தது அவனுக்கு. திருகினான்.

தொட்டதும் கிளம்பியது, பூனைக்குட்டி பால் குடிக்கிற மாதிரி.